கண்ணுக்குப் பின்னால பாத்தவன்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க, எனக்கு வேண்டாமுங்க. காத்து மூஞ்சியில பட்டா தூங்கிப்போவேன். போன மாசம் அப்புடித்தான், சூலூருல எறங்கறதை விட்டுப்போட்டு சிங்காநல்லூரு வரைக்கும் போயிட்டேன். மறுபடி டவுன் பஸ் ஏறித் திரும்பி வரவேண்டியதாப் போச்சு.

இப்ப போன்ல பேசுனது உங்க சம்சாரமுங்களா? தப்பா எடுத்துக்காதீங்க, சத்தம் வெளிய கேட்டுச்சு. நல்லா சிரிச்சுச் சிரிச்சுப் பேசறாங்க. என்ன, புளி வாங்கிட்டு வரச் சொன்னாங்களா? அதுக்கா அத்தனை சிரிப்பு? கொடுத்து வெச்சவருங்க நீங்க. இல்ல, சும்மா கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்புடுவாங்க? அட, சொல்லாட்டிப் போகுதுங்க.

எம்பேரு சென்னியப்பன். வெள்ளக்கோயில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பேக்கரி வெச்சிருக்கறனுங்க. அந்தப் பக்கம் வந்தீங்கன்னா தேங்காய் பன் தின்னு பாக்காமப் போகக் கூடாது. இப்ப சூலூருக்குத்தான் போறேன், கோகிலாவைப் பாக்க. கோகிலவாணி, என்ற சம்சாரம். அவ அக்கா சிவகாமி வீட்டுல இருக்கறா. கோவிச்சுட்டெல்லாம் போகலீங்க. ஆப்பரேசன் ஆயிருக்குது, ஆசுபத்திரிக்குப் பக்கமா இருக்கட்டும்னு விட்டிருக்குது. ஊர்ல வேற மாதிரி பேசறாங்க. பேசட்டும்.

என்ன சீக்குன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அழுத்தமுங்க. ரத்த அழுத்தம் இல்லை, அதுதான் எல்லாருக்கும் இருக்குதே. இது மண்டை ஓட்டுக்குள்ள அழுத்தம். நானும் மொதல்ல நம்பலை. நம்பற மாதிரியா அவ நடந்துக்கிட்டா? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

கோகிலா எங்கூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். கல்யாணமான புதுசுல கொடி மாதிரி இருப்பா. ஒரு கல்யாணம் காச்சிக்குப் போனா பந்தியில இருக்கறவனெல்லாம் அவளைத்தான் பாப்பான். இலையில சாம்பார் ஊத்தறவன் என்னைய விட்டுப்போட்டு அவளுக்கு ரெண்டாந்தடவை ஊத்துவான். எனக்கு அது பிடிக்கலைன்னு சொல்ல வரலீங்க. பாத்தா என்ன, தேஞ்சா போயிருவா? ஆனா ஒல்லியா இருக்கற பொம்பளைக்கு உடம்புல தெம்பு இருக்காதுங்க. அதனால கடை சாத்திட்டு வரும்போது தெனமும் ஒரு பொட்டலம் கொண்டாருவேன். ஹனி கேக்கு, பால் பன்னு, ஜிலேபி. எதிர்ல உக்காந்து அவ தின்னு முடிக்கற வரைக்கும் பாத்துட்டு இருப்பேன். மிச்சம் வெச்சா எனக்குக் கோவம் வந்துரும். அவ்வளவு பிரியம். கொஞ்ச வருசத்துல நல்லா பூசுன மாதிரி ஆயிட்டா. பழைய ரவிக்கை ஒண்ணும் பத்தலை. அப்பறம் கல்யாண வீட்டுல யாரும் பாக்கலீங்க. எனக்கும் நிம்மதி. நிம்மதின்னா, உடம்பு தேறிருச்சேன்னு.

குழந்தை இல்லைங்க. அதுக்காக நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருசம் தை மாசத்துக்கு மேலதான் தலைவலின்னு ஆரம்பிச்சா. காத்தால எந்திரிக்கும்போதே வலி. குனிஞ்சு வாசல் கூட்ட முடியாது. தைலம் வாங்கிக் குடுத்தேன். கடையில இருந்து இஞ்சி டீ போட்டு பிளாஸ்க்குல குடுத்து உட்டேன், கூட ஒரு பன்னும். எவன் செய்வான்? அப்பறம் பாத்தா ராத்திரி படுக்கறதில்லை. சுவத்துல தலகாணிய வெச்சு சாஞ்சு உக்காந்துக்கிட்டா.

"ஏன் புள்ள, எம்பக்கத்துல படுக்கப் பிடிக்கலையா?"ன்னு கேட்டேன்.

"படுத்தா தலை வெடிக்கற மாதிரி இருக்குதுங்க மாமா. உக்காந்தாத்தான் கொஞ்சம் தேவலை."

ஏனுங்க, தலைவலி வந்தா மனுசன் படுப்பானா, உக்காருவானா? படுத்தா கூடற தலைவலிய நான் கேள்விப்பட்டதே இல்லை. உங்க சம்சாரத்துக்குத் தலைவலி வந்தா என்ன பண்ணுவாங்க? படுப்பாங்கல்ல? அதைத்தான் நானும் சொன்னேன்.

இன்னொண்ணு சொன்னா. காதுக்குள்ள ஒரு சத்தம் கேக்குதாம். புஸ்ஸு புஸ்ஸுன்னு, நெஞ்சு அடிக்கற தாளத்துக்கே கேக்குதாம். பேசிட்டு இருக்கும்போதே தலையச் சாய்ச்சு அதைக் கேப்பா. நான் கடையில நடந்ததைச் சொல்லிட்டிருப்பேன், அவ எங்கியோ கேட்டுட்டு இருப்பா. ஒருநாள் அவ காது மேல என்ற காதை வெச்சு அமுக்கிப் பாத்தனுங்க. சித்த நேரம் அப்புடியே இருந்தோம். அவ கன்னம் சூடா இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கலை.

"கேக்குதுங்களா?"ன்னு ஆசையா கேட்டா.

"ஒரு மண்ணும் கேக்கலை. நீ யாரை நெனச்சுட்டு இருக்கறயோ அவன் கூப்புடறான் போல"ன்னு சிரிச்சுட்டே சொன்னேன். வெளையாட்டுக்குத்தான். அவ சிரிக்கலை. அதுக்கு மேல தலைவலி, காதுன்னு எங்கிட்டச் சொல்றதை நிறுத்திட்டா. சரி, சரியாப் போச்சாட்ட இருக்குதுன்னு நானும் உட்டுட்டேன்.

பள்ளிக்கூடம் தொறந்து கொஞ்ச நாள்ல ஆளே மாற ஆரம்பிச்சா. நான் கொண்டுட்டுப் போற பொட்டலத்தைத் தொடறதில்லை. வெள்ளரிக்காய அரிஞ்சு உப்பில்லாமத் திங்கறா. காத்தால இருட்டு விலகறதுக்குள்ள எந்திரிச்சு, பள்ளிக்கூட மைதானத்துல நடக்கப் போறேன்னு கெளம்பறா. எனக்கு அந்த நேரம் அடுப்பு வேலை, கூடப் போக முடியாது. அது அவளுக்கும் தெரியும், பாருங்க. ஆசைப்பட்டு ஒருநாள் பன்னீர் சோடா வாங்கிட்டு வந்து குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு, "சப்புன்னு இருக்குது"ன்னு வெச்சுட்டா. நான் குடிச்சுப் பாத்தேன், மூக்குல ஏறுது கேஸு. எங்கையால குடுத்தா சோடாக்கூட சப்புன்னு ஆயிருதாமுங்க.

எளைச்சுட்டே வந்தா. தையல்காரம்மாகிட்ட ரவிக்கையெல்லாம் பிடிச்சுத் தைக்கக் குடுத்தா. பக்கத்து வீட்டுக்காரரு, அவருக்கு ரிட்டையர்டு ஆகற வயசு, எங்கிட்டயே வந்து, "சென்னியப்பா, டீச்சரு கல்யாணத்தப்ப இருந்த மாதிரி ஆயிட்டாங்களே"ங்கறாரு. கல்யாணத்தப்ப எப்புடி இருந்தான்னு இந்தாளுக்கு எதுக்கு நெனப்பு இருக்கோணும்? அன்னிக்கு நான் சோறே திங்கலை.

ஒரு பொம்பளை யாருக்காக எளைப்பா? புருசன் எளைக்கச் சொல்லலை. சொல்லுங்க பாக்கலாம்.

ஒரு காத்தால அடுப்பை வேலையாள்கிட்ட உட்டுப்போட்டு, வண்டிய எடுத்துட்டு அவ பின்னாடியே போனேன். காம்பவுண்டுக்கு வெளிய வேப்பமரத்துக்குப் பின்னால நின்னு பாத்தேன். தனியாத்தான் சுத்தி வந்தா. வேகமா வந்தவ, திடீர்னு நின்னுட்டா. கோல் போஸ்ட்டுக் கம்பியப் பிடிச்சுட்டு, கண்ணை மூடிட்டு அப்புடியே நின்னா. யாரோ வர்றதுக்காகக் காத்திருக்கற மாதிரி. வாடா, எவன்னு பாக்கறேன்னு நானும் நின்னேன். கொஞ்ச நேரத்துல கண்ணைத் தொறந்து, கையால காத்துல தடவிப் பாத்துட்டு மறுபடி நடக்க ஆரம்பிச்சா. யாரும் வரலீங்க. அடுத்த நாளும் போனேன், வரலை. வரலைன்னா இல்லைன்னு அர்த்தமா? ஜாக்கிரதையான ஆளு. அவ்வளவுதான்.

மாத்திரைய நான் தேடிப் பிடிக்கலைங்க. அவ பைக்குள்ள குடை எடுக்கப் போனேன், கையில தட்டுப்பட்டுது. தெரிஞ்ச மெடிக்கலுக்குக் கொண்டுபோய்க் காட்டுனேன். "இது உடம்புல நீரைக் குறைக்கற மாத்திரைங்ணா. கண்ணு டாக்டருங்க எழுதுவாங்க. இதைச் சாப்புட்டா சோடாக்கூட சப்புன்னுதான் இருக்கும். இங்கெல்லாம் நாங்க வெக்கறதில்லை, கோயமுத்தூர்ல வாங்கியிருப்பாங்க"ன்னாரு. கோயமுத்தூரு! எனக்குத் தெரியாம கோயமுத்தூரு போயிட்டு வந்திருக்கறா.

அன்னிக்குச் சாயங்காலம் வந்தவளை நிக்க வெச்சுக் கேட்டேன். மறைக்கலை, சொல்லிட்டா. ஆனி மாசம் பள்ளிக்கூடத்துல கண் பரிசோதனை முகாம் நடந்திருக்குது. பஜார்ல கண்ணாடிக் கடை வெச்சிருக்கற ரூபன்னு ஒருத்தன் வந்து புள்ளைகளுக்கெல்லாம் பாத்திருக்கறான். எல்லாம் முடிஞ்சு கெளம்பும்போது, டீச்சருங்களுக்கும் பாக்கறேன்னு சொன்னானாம்.

"கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்தாப்புல மாமா. பாத்ததும் அந்தத் தம்பிக்கு மொகமே மாறிப்போச்சு. டீச்சர், உங்களுக்குத் தலைவலி இருக்குதா, காதுல சத்தம் கேக்குதா, குனிஞ்சு நிமிந்தா கண்ணு இருட்டுதான்னு ஒண்ணொண்ணாக் கேட்டாப்புல. எல்லாம் அப்புடியே இருந்துச்சு. நான் யாருகிட்டயும் சொல்லாதது. கண்ணுக்குப் பின்னால நரம்பு வீங்கியிருக்குது, தலைக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கும், உடனே கோயமுத்தூரு போங்கன்னாப்புல. அக்காவைக் கூட்டிட்டுப் போனேன். எடை குறைக்கச் சொல்லியிருக்கறாங்க, மாத்திரை குடுத்திருக்கறாங்க. மாசாமாசம் போய்க் காட்டோணும்."

"இருட்டு ரூமுலயா பாத்தான்?"

"ஸ்டாஃப் ரூமு. ஜன்னலைச் சாத்திட்டு."

"எவ்வளவு பக்கத்துல?"

அவ உள்ளங்கைய எடுத்து மூஞ்சிக்கு முன்னால வெச்சுக் காட்டுனா. ஒரு சாண்கூட இல்லைங்க. காட்டிட்டு, "மாமா, எனக்குக் கண்ணு போயிரும்னு சொல்றாங்க. நீங்க எவ்வளவு பக்கத்துலன்னு கேக்கறீங்க"ன்னா.

பேச்சை எப்புடி மாத்தறா பாத்தீங்களா?

எனக்கு என்ன ஆத்தாமைன்னா, பதினொரு வருசம் அந்தக் கண்ணைப் பாத்துட்டு இருக்கறவன் நான். அதுல எப்பத் தண்ணி வரும், எப்பச் சிரிக்கும், எல்லாம் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தவன். எவனோ ஒருத்தன் ஒரு டார்ச்சு லைட்டை வெச்சுட்டு அதுக்குப் பின்னால இருக்கறதைப் பாத்துட்டுப் போயிட்டான். எனக்குக் காட்டாத எடம். அவ எங்கிட்டச் சொல்லாததை எல்லாம் அவனே சொல்றானாம், அவ ஆமாம் ஆமாம்னாளாம்.

மறுநாளே அவன் கடைக்குப் போனேன். யாருன்னு சொல்லிக்கலை. தூரத்துல எழுத்து மங்கலாத் தெரியுதுன்னேன். சின்ன வயசு, நல்ல சிவப்பு, சட்டைக் கையை மடிச்சு உட்டிருக்கறான். என்னையும் இருட்டு ரூமுல உக்கார வெச்சு அந்த லைட்டை அடிச்சான். அவ்வளவு பக்கத்துல வர்றானுங்க! கிராம்பு வாசம் அடிக்குது. அவன் மூச்சு என் கன்னத்துல படுது. எனக்கு எப்புடி இருந்திருக்கும்னு பாருங்க. லைட்டை அணைச்சுட்டு, "உங்க கண்ணு ரெண்டும் அருமையா இருக்குதுங்ணா, ஒரு குறையும் இல்லை. மங்கலா எப்புடித் தெரியுதுன்னுதான் புரியலை"ன்னான். பணமும் வாங்கலை. நடிப்புதான்.

வீட்டுக்கு வந்து தெளிவாச் சொல்லிட்டேன். "இனி ஆசுபத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். அக்காவும் வேண்டாம், எவனும் வேண்டாம்." அவளும் தலையாட்டுனா. சந்தோசப்பட்ட மாதிரிகூட இருந்துச்சு. ஆனா தீவாளி நோம்பி வந்துருச்சே. பேக்கரிக்காரனுக்கு வருசத்துல அந்த ஒரு மாசந்தானுங்க பொழப்பு. ஆர்டர் மேல ஆர்டர். கல்லாவுல உக்கார ஆளில்லை. காத்தால நடக்கப் போறதை நிறுத்திட்டு கடைக்கு வான்னேன். வந்தா. பள்ளிக்கூடம் விட்டும் நேரா கடைக்கே வந்தா. என் கண்ணு முன்னால இருந்தா, எனக்கும் வேலை ஓடுச்சு. நோம்பி நேரத்துல லட்டு ஒண்ணு எடுத்து வாயில வெச்சா வேண்டாம்னு சொல்றது நல்லாவா இருக்கும்? தின்னா. நான் முன்னால நின்னா திம்பா.

மாத்திரை தீந்துபோச்சுன்னு ஒருக்கா சொன்னா. நோம்பி முடியட்டும்னேன். வேண்டாம்னு சொல்லலைங்க. நோம்பி முடியட்டும், நானே வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்னேன். அக்கா போன் பண்ணி, "நான் வந்து கூட்டிட்டுப் போறேன்"னுச்சு. அதுக்கும் வேண்டாம்னுட்டேன். என்ற பொண்டாட்டிய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போக எனக்குத் தெரியாதா?

நோம்பிக்கு ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடி. கடையில நிக்க எடமில்லை. நான் உள்ள இருந்து மைசூர்பாகு தட்டைத் தூக்கிட்டு வர்றேன். பாத்தா, கல்லாவுக்கு முன்னால அந்த ரூபன் நிக்கறான். ஸ்வீட்டு வாங்க வந்தவன் ஸ்வீட்டு வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே? அவ மூஞ்சிக்கு நேரா மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறான். அவ அவன் மூஞ்சியவே கண்ணெடுக்காமப் பாத்துட்டு இருக்கறா. இத்தனை கூட்டத்துல, என்ற கடையில!

"நேரா என் மூக்கையே பாருங்க டீச்சர். என்ற கை ஆடறது தெரிஞ்சாச் சொல்லுங்க"ங்கறான். ரெண்டு கையையும் அவ காதுக்குப் பக்கமா நீட்டி விரலை ஆட்டிட்டே முன்னால கொண்டு வர்றான். கட்டிப் பிடிக்கப் போற மாதிரி. அவ சும்மா இருக்கறா. கை கன்னத்துக்குக் கிட்டயே வந்துருச்சு, அப்பவும் சும்மா இருக்கறா.

தட்டு எங்க போச்சுன்னு தெரியலை. அவன் சட்டையக் கொத்தாப் பிடிச்சுட்டேன். கூட்டமெல்லாம் பின்னால நகந்துருச்சு.

"என்னாச்சு? யாரு அது?"ன்னா கோகிலா. கேளுங்க இதை. நான் அவளுக்குப் பக்கவாட்டுலதான் நிக்கறேன், தோளு தொடற தூரம். கட்டுன புருசனை யாருன்னு கேக்கறா!

அவன் கையை ஓங்கவும் இல்லை, திமிறவும் இல்லை. "அண்ணா, அடிக்கறதுனா அப்பறமா வந்து கடையிலயே அடிங்க, நான் எங்கயும் போகலை. இப்ப டீச்சரைக் கூட்டிட்டுப் போங்க. பக்கத்துல வர்றது எதுவுமே அவங்களுக்குத் தெரியலைங்ணா. நேரா இருக்கறது மட்டுந்தான் தெரியுது. மாத்திரை சாப்புடறாங்களா இல்லையா?"

நான் சட்டைய விடலை. கோகிலாதான் எந்திரிச்சா. எந்திரிச்சவ கல்லா மேசையத் தடவிட்டே வந்து, என்ற கையத் தேடிப் பிடிச்சு, விரலை ஒவ்வொண்ணா விடுவிச்சா. "மாமா, எல்லாரும் பாக்கறாங்களா? எனக்குத் தெரியலை. தெரியாததே நல்லது"ன்னா.

அன்னிக்கே கோயமுத்தூரு கூட்டிட்டுப் போனேன். கடையப் போட்டுட்டு, நோம்பி யாவாரத்தைப் போட்டுட்டு. இதை யாரும் பேச மாட்டேங்கறாங்க.

அங்க ஒரு டாக்டரம்மா. கண்டிப்பான ஆளு. எனக்கு வெளக்கமாத்தான் சொன்னாங்க. தலை ஓடு எலும்பு, அது விரியாது. அதுக்குள்ள மூளை இருக்குது, ரத்தம் ஓடுது, மூளையச் சுத்தி ஒரு நீர் சுரந்து சுரந்து வடிஞ்சுட்டே இருக்கும். இவளுக்கு வடியறது சரியா வடியறதில்லை. நீர் கூடுனா எடம் பத்தாம உள்ள இருக்கறதை எல்லாம் அமுக்கும். கண்ணுக்குப் போற நரம்பு மொதல்ல நசுங்கும்.

"எதனாலங்க இப்புடி ஆச்சு?"

"இன்ன காரணம்னு முழுசாத் தெரியாது. இந்த வயசுப் பொம்பளைங்களுக்கு உடம்பு எடை கூடுனா வர்றதை அதிகமாப் பாக்கறோம். எடையக் குறைச்சா அழுத்தம் குறையும். இவங்க நல்லாத்தான் குறைச்சுட்டு வந்தாங்க, நரம்பு வீக்கமும் எறங்கிட்டு வந்துச்சு. நடுவுல வராம விட்டுட்டீங்களே, என்னாச்சு?"

"நோம்பிங்க"ன்னேன்.

அந்தம்மா பேனாவை மூடி வெச்சுட்டு என்னையவே பாத்தாங்க. எனக்கு அப்ப ஒரு ரோசனை. "ஏனுங்க டாக்டர், மனசுக்குள்ள யாருகிட்டயும் சொல்லாம எதையாச்சும் அடக்கி வெச்சா, அதனால அழுத்தம் ஏறுமுங்களா?"ன்னு கேட்டேன்.

"இது நீருங்க. மனசு இல்லை."

அவங்களுக்கு என்ன தெரியும். கூட வாழ்ந்தவனுக்குத்தான் தெரியும். சும்மா ஒருத்தி தலைக்குள்ள அவ்வளவு நெறையுமா?

முதுகுத் தண்டுல ஊசி போட்டு நீரை எடுத்தாங்க. எடுத்ததை ஒரு சின்னக் குப்பியில பாத்தேன், சுத்தமான தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. அதுலயா இத்தனை கூத்துன்னு ஆயிருச்சு. அழுத்தத்தை அளந்திருந்தாங்க, இருக்க வேண்டியதுக்கு ரெண்டு மடங்குக்கு மேலயாம். எடுத்து முடிச்சு அவளைப் படுக்க வெச்சிருந்தாங்க. நான் கதவுக்கிட்ட நிக்கறேன். அவ அந்த டாக்டரம்மா கையப் பிடிச்சுட்டா. "மேடம், சத்தம் நின்னுருச்சு. காதுல சத்தமே இல்லை"ன்னு சொல்லிச் சிரிக்கறா. கண்ணுல தண்ணி ஓடுது, வாய் சிரிக்குது. படுத்துட்டே சிரிக்கறா. அந்தச் சிரிப்பைப் பாத்து எத்தனை வருசம் ஆச்சு தெரியுங்களா? பொட்டலம் பொட்டலமாக் கொண்டுபோய்க் குடுத்தவன் நான். சிரிப்பு யாருக்கோ கெடைக்குது. நான் உள்ள போனேன். "மாமாவா?"ன்னு கேட்டா. சிரிப்பு நின்னுபோச்சு.

கொஞ்ச நாள்ல அழுத்தம் மறுபடி ஏறிருச்சு. கண்ணைக் காப்பாத்தோணும்னா நீருக்கு நெரந்தரமா ஒரு வழி பண்ணோணும்னு ஆப்பரேசன் பண்ணுனாங்க. முதுகுல இருந்து வயித்துக்குத் தோலுக்கு அடியிலயே ஒரு சின்னக் குழாய். நீர் அதுபாட்டுக்கு வடிஞ்சுக்குது. இப்ப தலைவலி இல்லை, படுத்துத் தூங்கறாளாம். சிவகாமிதான் சொல்லுச்சு. எங்கிட்ட எப்ப படுத்தா, எப்ப எந்திரிச்சான்னு அவ சொல்றதில்லை.

ஆனா போன பார்வை போனதுதானாமுங்க. நசுங்குன நரம்பு திரும்பாது. நட்டநடுவுல ஒரு வட்டம் தெரியும், ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரி. சுத்தியும் ஒண்ணும் தெரியாது. அந்த வட்டத்துல எழுத்துப் படிக்கலாம், கணக்குப் போடலாம். பக்கத்து வீட்டுப் புள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தர்றாளாம். பள்ளிக்கூடத்துக்கும் மறுபடி போகப் போறாளாம், அங்கயே சூலூர்ல. வெள்ளக்கோயிலுக்கு எப்ப வர்றேன்னு கேட்டா, "டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்"ங்கறா. டாக்டரைக் கேட்டா, "அவங்க இஷ்டம், எங்க வேணா இருக்கலாம்"ங்கறாங்க. ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டுப் பேசற மாதிரி இருக்குதுங்களா, இல்லையா?

அந்த டாக்டரம்மா எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. "பக்கத்துல இருந்தோ பின்னால இருந்தோ போய்ப் பேசாதீங்க, திடுக்குன்னு ஆகும். முன்னால வந்து நின்னு பேசுங்க. முன்னால இருக்கறது மட்டுந்தான் அவங்களுக்குத் தெரியும்." நான் தலையாட்டிட்டு வெளிய வந்தேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, எனக்கு அன்னிக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சுங்க. பார்வை போச்சேன்னு வருத்தந்தான். ஆனா பாருங்க, இனி கல்யாண வீட்டுக்குப் போனா அவ எவனைப் பாக்கறான்னு நான் திரும்பித் திரும்பிப் பாக்க வேண்டியதில்லை. முன்னால நான் நின்னுட்டாப் போதும். அந்த வட்டம் எனக்குத்தான்.

போன ஞாயித்துக்கிழமை அப்புடித்தான் போனேன். மாடியில, தொறந்த வராண்டாவுல நாற்காலி போட்டு உக்காந்திருந்தா. இப்ப மறுபடி எளைச்சுட்டா. அந்த வெளிச்சத்துல, கல்யாணத்தப்ப எப்புடி இருந்தாளோ அதே மாதிரி இருந்தா. நான் டாக்டர் சொன்னபடியே சுத்திப் போய் நேரா முன்னால நின்னேன். "நான்தான் புள்ள"ன்னேன்.

"தெரியுதுங்க"ன்னா. கொஞ்ச நேரம் பாத்தா. நல்லாத்தான் பாத்தா, மூஞ்சிய, சட்டைய, எல்லாம். அப்பறம் தலைய மெதுவா இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. ஓரத்துல இருந்தா தெரியாதேன்னு நானும் அந்தப் பக்கமே போய் நின்னேன். அவ மறுபக்கம் திருப்பிக்கிட்டா. நான் அங்க போனேன். சண்டைக்கில்லீங்க, கோவமே இல்லை அவ மூஞ்சியில. சின்னப் புள்ளைய நகரச் சொல்ற மாதிரி, "சித்த நகந்துக்குங்க மாமா. நான் வேற என்னமாச்சும் பாக்கோணும்"னா.

"வேற என்ன?"ன்னேன்.

அவ தலைய எக்கி எனக்கு அப்பால பாத்தா.

நகந்துட்டேன். நகந்து, அவ நாற்காலிக்குப் பின்னால போய், அவ தலைக்கு நேரா குனிஞ்சு, அவ பாக்கற பக்கமே பாத்தேன். என்னத்தைப் பாக்கறான்னு தெரிஞ்சாகோணுமில்லீங்க. ஒண்ணுமே இல்லை அங்க. ஒரு பப்பாளி மரம். தண்ணித் தொட்டி. அதுக்கப்பால பக்கத்து வீட்டு மொட்டை மாடி, கொடியில துணி காஞ்சுட்டு இருந்துச்சு. காத்துக்கு ஆடிட்டு இருந்துச்சு. அவ அதையே பாத்துட்டு இருந்தா, மூஞ்சியில அப்புடி ஒரு அமைதி. பொழுது சாயற வரைக்கும் நானும் அங்கயே நின்னேன். ஒரு சீலை, ரெண்டு துண்டு, தலகாணி உறை. அப்பறம் ஓரத்துல, நீல நெறத்துல ஒரு சட்டை.

ஆம்பளச் சட்டைங்க.

அது யாரு வீடுன்னு சிவகாமிகிட்டக் கேட்டேன், சரியாச் சொல்லலை. அதுதான் இன்னிக்கு நேரத்துலயே கெளம்பிட்டேன். அட, சூலூரு வந்துருச்சாட்ட இருக்குது. கொஞ்சம் காலை எடுத்துக்குங்க, எறங்கிக்கறேன்.